தீபாவளி மறுநாள் லீவா இல்லையான்னு முன்னாடியே சொல்லிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழக அரசு அடுத்த வருஷத்து பொது விடுமுறை லிஸ்ட்டை முந்தின வருஷ கடைசியிலயே அரசாணையா போட்டுடுது, நீங்களும் அதை தேதி கிழமையோட முழுசா வெளியிடுறீங்க, எங்க வீட்ல அதை வெட்டி பீரோ கதவு உள்பக்கம் ஒட்டி வெச்சிடுவோம். ஆனா அந்த லிஸ்ட்ல இல்லாத ஒரு நாள் வருஷா வருஷம் தனியா வந்து சேருது. பண்டிகைக்கு மறுநாள், இல்லன்னா பண்டிகைக்கும் சனி ஞாயிறுக்கும் நடுவுல மாட்டிக்கிற ஒத்த நாள். அதுக்கு லீவ் உண்டா இல்லையாங்கறது பண்டிகை கிட்ட நெருங்கினப்புறம்தான் தெரியுது. அந்த நாளையும் வருஷ லிஸ்ட்லயே சேர்த்து அறிவிக்கணும்னு கேட்டுத்தான் இந்த லெட்டரை எழுதுறேன்.

கொஞ்சம் பின்னாடி போய் பாருங்க. 2021-ல தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவ் விட்டாங்க, அதுக்கு பதிலா நவம்பர் 20 சனிக்கிழமை வேலை நாள். 2022-ல அக்டோபர் 24 திங்கக்கிழமை தீபாவளி, செவ்வாய் லீவ், ஈடு நவம்பர் 19. 2023-ல நவம்பர் 12 ஞாயித்துக்கிழமை வந்துச்சு, திங்கக்கிழமை லீவ், ஈடு நவம்பர் 18. 2024-ல அக்டோபர் 31 வியாழன், மறுநாள் நவம்பர் 1 லீவ், நவம்பர் 9 சனிக்கிழமை வேலை. 2025 பொங்கலுக்கு செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் ஏற்கனவே லீவ், நடுவுல நின்ன ஜனவரி 17 வெள்ளிக்கிழமையையும் விட்டுட்டு ஜனவரி 25 சனிக்கிழமை வரச் சொன்னாங்க. அதே வருஷம் தீபாவளி அக்டோபர் 20 திங்கக்கிழமை, 21-ம் லீவ். ஆக அஞ்சு வருஷமா தீபாவளி மறுநாள் லீவ் ஒரு தடவை கூட தவறல. இவ்வளவு நிலையா நடக்கிற ஒண்ணை ஏன் ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்துல புதுசா யோசிச்ச மாதிரி அறிவிக்கணும்னுதான் எனக்கு புரியல.

லீவ் விடுறது பிரச்சனையே இல்ல, அதுக்கு மனசார நன்றி. எப்ப சொல்றாங்கங்கறதுதான் பிரச்சனை.

ஏன்னா நம்ம ஊர்ல லீவ்ங்கறது காலண்டர்ல மட்டும் இருக்கிற விஷயம் இல்ல, அது ரயில் டிக்கெட்டோட சேர்ந்த விஷயம். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் திருப்பூர்லயும் வேலை பாக்கிறவங்க பாதிப் பேருக்கு சொந்த ஊர் வேற. முன்னாடி 120 நாளுக்கு முன்னாடியே ரிசர்வேஷன் பண்ணலாம், 2024 நவம்பர் 1-ல இருந்து அதை 60 நாளா குறைச்சிட்டாங்க. காலைல 8 மணிக்கு புக்கிங் திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், பாண்டியன், முத்துநகர், கன்னியாகுமரி இதுக்கெல்லாம் பண்டிகை தேதிக்கு டிக்கெட் எடுத்துப் பாத்தவங்களுக்கு தெரியும், முந்தின நாள் ராத்திரியே எல்லார் பேரும் வயசும் மாஸ்டர் லிஸ்ட்ல ஏத்தி வெச்சு, 8 மணிக்கு முன்னாடியே போனை கையில வெச்சுக்கிட்டு உக்காந்து, கேப்சா அடிச்சு, பணம் கட்டற பக்கத்துக்கு போய், ஓடிபி வர்றதுக்குள்ள ஸ்லீப்பர் முடிஞ்சு வெயிட்டிங் லிஸ்ட் ஓட ஆரம்பிச்சிடும், இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த வெயிட்டிங்கும் கிடையாது, ரெக்ரெட்னு காட்டும். இதுல ஊருக்கு போற டிக்கெட் கூட பரவால்ல, தேதி தெரியும். திரும்பி வர்ற டிக்கெட்டை எந்த தேதிக்கு போடறது? அது மறுநாள் லீவா இல்லையாங்கறதை பொறுத்துதான் இருக்கு. அந்த பதில் 60 நாளுக்கு முன்னாடி யார்கிட்டயும் கிடையாது.

2026 தீபாவளியையே எடுத்துக்கங்க. நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை. லிஸ்ட்ல இருக்கிறது அந்த ஞாயிறு மட்டும்தான், அது எப்படியும் லீவ்தான். திங்கக்கிழமை வேலைன்னா தீபாவளி அன்னைக்கு விடியக்காலைல எண்ணெய் தேச்சு குளிச்சு, சாமி கும்பிட்டு, மத்தியானம் சாப்பிட்ட கையோட பெட்டியை கட்டி சாயங்காலம் ரயிலேறணும். திங்கக்கிழமை லீவ்னா நிதானமா அன்னைக்கு ராத்திரி கிளம்பலாம். வயசான அப்பா அம்மாவோட இருக்கிறதுக்கு இந்த ஒரு நாள் எவ்வளவு பெரிசுன்னு வெளியூர்ல வேலை பாக்கிற யாரை கேட்டாலும் சொல்லுவாங்க. நவம்பர் 8 ராத்திரிக்கான புக்கிங் செப்டம்பர் 9-ல திறக்கும், நவம்பர் 9-க்கு செப்டம்பர் 10. அந்த தேதிக்குள்ள முடிவு தெரிஞ்சாதான் அதுக்கு அர்த்தம். அக்டோபர் கடைசியில அறிவிப்பு வந்தா அப்ப எந்த ரயில்லயும் இடம் இருக்காது, ஆம்னி பஸ்ல கேக்கிற காசை கொடுக்கணும், இல்லன்னா கிளாம்பாக்கத்துல இறங்கற மாதிரி ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ஊர்ல காத்துக்கிடக்கணும்.

இதனால இப்ப ஜனங்க என்ன பண்றாங்கன்னா, ரெண்டு நாளைக்கும் டிக்கெட் போட்டு வெச்சிடறாங்க. அறிவிப்பு வந்ததும் ஒண்ணை கேன்சல் பண்றாங்க. அவங்களுக்கு கேன்சல் சார்ஜ் போச்சு, அதை விட பெரிய நஷ்டம் வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிறவங்களுக்கு, ஒரே குடும்பம் ரெண்டு நாள் ரயில்லயும் பெர்த்தை பிடிச்சு வெச்சிருக்கு. நான் அவங்களை குறை சொல்ல மாட்டேன், வேற வழி இல்ல. அப்படி ரெண்டு டிக்கெட் போட வசதி இல்லாதவங்கதான் கடைசியில அன்ரிசர்வ்டு பெட்டியில கைக்குழந்தையோட வாசல்கிட்ட நின்னுக்கிட்டு வர்றாங்க. தட்கல்னு ஒண்ணு இருக்கே, முந்தின நாள் காலைல 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர், ஆனா குடும்பமா நாலு பேரு தீபாவளி நேரத்துல தட்கலை நம்பி ஊருக்கு போக முடியுமா?

அரசு ஊழியர் சங்கங்கள் கோரிக்கை வைக்கும், அதை பாத்து அரசு முடிவெடுக்கும், அதனாலதான் நேரமாகுதுன்னு சொல்றாங்க. சரி, ஆனா தீபாவளி என்ன கிழமை வருதுன்னு ஒரு வருஷம் முன்னாடியே பஞ்சாங்கத்துல இருக்கு. புது காலண்டர் கையில வந்ததும் எல்லா வீட்லயும் முதல்ல பாக்கிறது அதைத்தானே, எந்த சிவப்பு எழுத்து ஞாயித்துக்கிழமையில போய் விழுந்திருக்கு, எது வெள்ளி, எது திங்கள்னு. 2026-ல தைப்பூசம் பிப்ரவரி 1 ஞாயிறு, சுதந்திர தினம் சனிக்கிழமை, ஆனா ஆயுத பூஜையும் விஜயதசமியும் அக்டோபர் 19, 20 திங்கள் செவ்வாய்னு நாலு நாள் சேர்ந்தாப்புல வருது. ஏப்ரல் 14 செவ்வாய், திங்கக்கிழமை ஒரு கேஷுவல் லீவ் போட்டா அதுவும் நாலு நாள். வீட்ல நாங்க போடற இந்த கணக்கை லிஸ்ட் தயாரிக்கிற அன்னைக்கே அரசும் போட முடியும்தானே.

ஈடு செய்யற சனிக்கிழமையும் அதே மாதிரிதான். லீவ் எந்த நாள்னு சொல்லும்போதுதான் எந்த சனிக்கிழமை வரணும்ங்கறதும் தெரியுது. அந்த சனிக்கிழமை யாரோ கல்யாணம் வெச்சிருப்பாங்க, பிள்ளைக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கும், ஏற்கனவே லீவ்னு நினைச்சு வெளியூர் போக டிக்கெட் போட்டிருப்பாங்க. சீனாவுலயும் இதே மாதிரி பண்டிகைக்கு சேர்த்து லீவ் விட்டு சனி ஞாயிறுல ஈடு பண்றாங்க, ஆனா எந்தெந்த சனி ஞாயிறு வேலைக்கு வரணும்ங்கறதையும் சேர்த்து முந்தின வருஷமே ஒரே அறிவிப்பா போட்டுடறாங்க. சிங்கப்பூர்ல பொது விடுமுறை ஞாயித்துக்கிழமை வந்தா திங்கக்கிழமை லீவ், அது சட்டத்துலயே இருக்கு, யாரும் தனியா அறிவிக்க வேண்டியதில்ல. ஜப்பான்ல இன்னும் ஒரு படி மேல, ரெண்டு பொது விடுமுறைக்கு நடுவுல ஒரே ஒரு வேலை நாள் மாட்டினா அந்த நாளும் தானாவே லீவ் ஆயிடும். நமக்கும் இந்த மாதிரி ஒரு விதி எழுதி வெச்சிட்டா ஒவ்வொரு தீபாவளிக்கும் கோரிக்கை, பரிசீலனை, அறிவிப்புன்னு அலைய வேண்டாம்.

இதெல்லாம் அரசு ஊழியர் பிரச்சனைதானே, உங்களுக்கு என்னன்னு சிலர் கேக்கலாம். நான் அரசு ஊழியர் இல்ல, தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பாக்கிறேன். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அரசு விடுற இருபதுக்கு மேற்பட்ட நாள் எல்லாம் கிடையாது. 1958-ல வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி கட்டாயமா கிடைக்கிறது ஒன்பது நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அது போக அஞ்சு பண்டிகை நாள். அந்த நாள்ல வேலைக்கு வரச் சொன்னா ரெட்டை சம்பளம், இல்லன்னா அன்னைக்கு சம்பளத்தோட வேற ஒரு நாள் லீவ். நிறைய பேருக்கு இந்த சட்டம் இருக்கறதே தெரியாது, மேனேஜர் சொல்றதுதான் சட்டம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. இந்த ஒன்பதுக்கு மேல வேணும்னா சொந்த லீவைத்தான் போடணும், அதனால எங்களுக்கு ஒவ்வொரு நாளும் எண்ணி வெச்சு செலவு பண்ற மாதிரிதான்.

அரசு தீபாவளி மறுநாள் லீவ்னு அறிவிச்சா எங்க கம்பெனிக்கு அது பொருந்தாது. ஆனா ஸ்கூல் லீவ் ஆயிடும். பிள்ளைங்க வீட்ல இருக்கும். அப்ப எங்கள்ல ஒருத்தராவது லீவ் போட்டாகணும், அதை ஒரு வாரம் முன்னாடி போய் கேட்டா மேனேஜர் முகத்தை சுளிக்கத்தான் செய்வார், ஏன்னா அதுக்குள்ள நாலு பேரு அதே நாளை கேட்டு வாங்கியிருப்பாங்க, மாசக் கணக்கு முடிக்கிற வேலையும் அப்பதான் இருக்கும். தொழிற்சாலையில வேலை பாக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம். 2025 நவம்பர் வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல, சம்பளத்தோட லீவ் வேணும்னா 15 நாள் முன்னாடி எழுத்துல கேக்கணும்னு இருந்துச்சு. அரசு அறிவிப்பு பல தடவை அந்த 15 நாளுக்குள்ளதான் வந்துச்சு. அப்புறம் எப்படி அவங்க கேட்டிருப்பாங்க?

என் மனைவி ஸ்கூல் டீச்சர், அவங்க தங்கச்சி பேங்க்ல இருக்காங்க. இந்த மாதிரி தனியா விடுற லீவ் பேங்குக்கு பொதுவா வராது, 1881 செலாவணி முறிச் சட்டப்படி அறிவிச்ச நாள்தான் அவங்களுக்கு லீவ். கலெக்டர் விடுற உள்ளூர் விடுமுறையிலயும், தஞ்சாவூர் சதய விழா, திருவாரூர் ஆழித்தேர் இதுக்கெல்லாம் விடுறாங்களே, அதுலயும் இது 1881 சட்டப்படியான விடுமுறை இல்லைங்கற ஒரு வரி தவறாம இருக்கும், அதனால பேங்க் நடக்கும். ஒரே வீட்ல ஒருத்தருக்கு லீவ், இன்னொருத்தருக்கு வேலை, சனிக்கிழமை அது அப்படியே தலைகீழ், ரெண்டாவது நாலாவது சனின்னா பேங்க் லீவ், டீச்சர் ஈடு செய்ய ஸ்கூலுக்கு போகணும். முன்னாடியே தேதி தெரிஞ்சா இதை எல்லாம் பேசி வெச்சுக்கலாம். குடும்பத்துல ஆளுக்கு ஒரு ஆபீஸ் இருக்கிற காலம் இது, லீவ் பிளான் பண்றது இப்ப தனி ஆள் வேலை இல்ல.

கம்பெனிகளுக்கும் ஒண்ணு சொல்லியாகணும். சாண்ட்விச் லீவ்னு ஒரு பழக்கம் பல இடத்துல இருக்கு. பண்டிகை வியாழக்கிழமை, நான் வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவ் போட்டா, சனி ஞாயிறு சேர்த்து, சில இடத்துல பண்டிகை நாளையும் சேர்த்து லீவ் கணக்குல கழிச்சிடறாங்க. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல இதை ரொம்ப கறாரா பண்ணுவாங்க. கேட்டா பாலிசிம்பாங்க. ஆனா அந்த பழைய தொழிற்சாலைகள் சட்டத்துலயே, லீவுக்கு நடுவுல வந்தாலும் சரி, முன்னாடி பின்னாடி வந்தாலும் சரி, விடுமுறை நாளை அந்த லீவ் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னுதான் எழுதியிருந்துச்சு. அந்த சட்டம் பொருந்தாத ஆபீஸா இருந்தாலும், அதுல இருந்த நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஒரு மனுஷன் வருஷம் பூரா சேத்து வெச்ச லீவை, அவன் வேலை பாக்கவே வேண்டாத ஞாயித்துக்கிழமைக்கு கழிக்கிறது சரியில்ல. இதனாலதான் நிறைய பேர் முன்கூட்டியே லீவ் கேக்காம கடைசி நாள்ல காய்ச்சல்னு மெசேஜ் போடறாங்க, நேர்மையா கேக்கிறவனுக்கு நாலு நாள் போகுது, பொய் சொல்றவனுக்கு ஒரு நாள்தான் போகுது.

இன்னொண்ணு, லீவ் கேட்டா பதில் சொல்றதுக்கே சில மேனேஜர்கள் நாள் கடத்துறாங்க. பாக்கலாம், அப்புறம் சொல்றேன். ரயில் 60 நாள் முன்னாடி திறக்குதுன்னா ஆபீஸ்லயும் அதுக்கு முன்னாடியே பண்டிகை லீவை முடிவு பண்ணி எழுதி ஒட்டிடணும். போன தீபாவளிக்கு யார் போனாங்களோ அவங்க பொங்கலுக்கு இருக்கட்டும், அடுத்த தடவை மாத்திக்கலாம். ஆஸ்பத்திரியில நர்ஸுங்க இதை ரொம்ப அழகா பண்றாங்க, தீபாவளிக்கு கிறிஸ்தவங்க டியூட்டி எடுத்துக்கறாங்க, கிறிஸ்துமஸுக்கு மத்தவங்க நிக்கறாங்க, யார் மனசும் நோகறதில்ல. ரம்ஜான், பக்ரீத் விஷயத்துல மட்டும் கூடுதல் கவனம் வேணும், பிறை பாத்து தலைமை காஜி அறிவிக்கிற வரைக்கும் தேதி ஒரு நாள் முன்னப் பின்ன ஆகும், அதனால முஸ்லிம் ஊழியர்களுக்கு எந்த நாளோ அந்த நாள்னு லீவை முன்னாடியே எழுதி கொடுத்துடணும். வியாழன்னு கேட்டியே இப்ப வெள்ளிங்கறியேன்னு அவங்களை நிக்க வெச்சு கேக்கிறது ரொம்ப தப்பு.

பண்டிகை அன்னைக்கு பஸ் ஓட்டுற டிரைவர் கண்டக்டர், ரயில்வே ஆளுங்க, போலீஸ், கரன்ட் ஆபீஸ்காரங்க இவங்களுக்கும் இது உதவும். மறுநாள் லீவ்னு முன்னாடியே தெரிஞ்சா கூட்டம் எந்த ராத்திரி திரும்பும்னு போக்குவரத்து துறைக்கு தெரியும், ஸ்பெஷல் ரயிலும் பஸ்ஸும் அந்த நாளுக்கு சரியா போடலாம், இவங்களுக்கு டியூட்டியும் நேரத்தோட பிரிச்சு கொடுக்கலாம். இப்ப ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு அறிவிப்பு வந்ததும் திங்கக்கிழமைக்கு மாத்தறாங்க, அந்த மாத்தம் அவங்க வீட்டு பண்டிகையைத்தான் கெடுக்குது.

அதனால அரசுகிட்ட கேக்கிறது இதுதான். அடுத்த வருஷத்து விடுமுறை அரசாணை போடும்போது தீபாவளி மறுநாளையும், பொங்கல் ஒட்டி நடுவுல மாட்டுற நாள் இருந்தா அதையும், அதுக்கு ஈடு செய்யற சனிக்கிழமையையும் அதே அரசாணையில போட்டுடுங்க. 2026 தீபாவளிக்கு அந்த திங்கக்கிழமை விஷயத்தை செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ளயாவது சொல்லிடுங்க. லீவ் இல்லன்னு முடிவு பண்ணாலும் பரவால்ல, இல்லன்னே சொல்லிடுங்க, அதுக்கு தகுந்த மாதிரி டிக்கெட் போட்டுக்கறோம்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் ஆசிரியர் ஐயா. வருஷா வருஷம் விடுமுறை லிஸ்ட் போடும்போது தேதி, கிழமை, பண்டிகை பேருக்கு பக்கத்துல ரயில் ரிசர்வேஷன் திறக்கிற தேதிக்கும் ஒரு கட்டம் போட்டு கொடுங்க. ஆயுத பூஜைக்கு அக்டோபர் 16 வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பறவங்களுக்கு ஆகஸ்ட் 17, தீபாவளிக்கு நவம்பர் 6 கிளம்பறவங்களுக்கு செப்டம்பர் 7, கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 24 கிளம்பறவங்களுக்கு அக்டோபர் 25, இப்படி. போன்ல இதெல்லாம் தேடத் தெரியாத நிறைய பேர் இன்னும் பேப்பரை பாத்துத்தான் ஊருக்கு போற நாளை முடிவு பண்றாங்க.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.